சாரத்துல இருந்து விழுந்தா உசுரு விலை கம்மியா?

எங்க தெருவுல ஒரு கொத்தனார் அண்ணன் இருந்தார். சில வருஷம் முன்னாடி பழனியில ஒரு லாட்ஜ் கட்டற வேலையில சாரம் சரிஞ்சு விழுந்து போய்ச் சேர்ந்துட்டார். காரியம் முடியறதுக்குள்ள வேலை கொடுத்தவர் கொஞ்சம் பணத்தோட வந்தார். "இனி எந்த பாத்தியதையும் இல்லை"ன்னு அக்காகிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார். ஊரே "நல்ல மனுஷன், வீடு தேடி வந்து கொடுத்தாரே"ன்னு சொல்லுச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அந்தப் பேப்பர் செல்லாதுங்க. அப்போ இருந்த 1923-ம் வருஷச் சட்டப்படியே, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கற ஒப்பந்தம் செல்லாது. இறப்புக்கான தொகையைக் கையில கொடுத்துக் கணக்கை முடிக்கக் கூடாது, ஆணையர்கிட்ட கட்டணும். ஒரு மாசத்துல கட்டலைன்னா 12% வட்டி வேற. ஆனா இதை அந்த அக்காவுக்கு யார் சொன்னா?

சரி, சட்டப்படியே போயிருந்தா? நான் பி.காம். படிக்கறவன், கணக்கு போட்டுப் பார்த்துடலாம். வயசு 30, தினம் 800 ரூபாய், மாசம் 25 நாள் வேலை. அப்போ சம்பளம் 20,000. இறப்புன்னா சம்பளத்துல பாதியை வயசுக்கான எண்ணால பெருக்கணும். 30 வயசுக்கு அது 207.98. வர்றது 20,79,800 ரூபாய். ஆனா எவ்வளவு சம்பாதிச்சாலும் கணக்குக்கு 15,000 தான்னு 2020 ஜனவரியில அரசு வச்ச உச்சவரம்பு இருக்கே! அப்போ 15,59,850 தான். அஞ்சு லட்சத்துக்கு மேல காணாமப் போச்சு. அதுக்கு முன்னாடி 2010-ல இருந்து பத்து வருஷம் அந்த வரம்பு வெறும் 8,000!

அதே அண்ணன் மேல அடிவாரத்துல ஒரு வேன் மோதியிருந்தா? வாகன விபத்துத் தீர்ப்பாயத்துல இந்த வரம்பே கிடையாது. முழு வருமானமும் கணக்குல வரும். 2017-ல பிரணய் சேத்தி வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வருங்கால வருமான உயர்வையும் சேர்ப்பாங்க. உசுரு ஒண்ணுதானே சார்?

"சின்ன மேஸ்திரி எங்க போவார் இவ்வளவு பணத்துக்கு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதுக்குத்தான் இன்சூரன்ஸ். டிவிஎஸ் 50 ரோட்டுல இறங்கணும்னாலே இன்சூரன்ஸ் கட்டாயம். நாலு மாடி உயரத்துல ஆளை ஏத்தற சாரத்துக்கு வேணாமா? பத்துப் பேர் இருக்கற இடத்துக்கு இ.எஸ்.ஐ. வரும். மேஸ்திரியோட போற நாலு பேருக்கு?

2025 நவம்பர் 21-ல சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துச்சு. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவுல நடக்கற விபத்தையும் சேர்த்திருக்காங்க, சந்தோஷம். ஆனா சம்பள வரம்பை அரசு அறிவிக்கையில முடிவு பண்ற பழக்கம் அப்படியேதான் இருக்கு.

நான் கேக்கறது மூணே மூணு. வரம்பைத் தூக்குங்க. ரெண்டு பேரை வேலைக்கு வச்சாலும் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்குங்க. வேலையில சாவுன்னு போலீஸ்ல பதிவானா, குடும்பம் மனு போடாமலே வழக்கு ஆணையர்கிட்ட போகட்டும்.

படிக்கற நண்பர்களே, ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. உங்க தெருவுல இப்படி ஒரு சாவு விழுந்தா, பேப்பரோட வர்றவருக்கு முன்னாடி நீங்க போய் நில்லுங்க. "கையெழுத்துப் போடாதீங்கக்கா"ன்னு சொல்லுங்க. நான் அன்னைக்குச் சொல்லலை. எனக்கு அப்போ தெரியாது.