இலவசக் குடையின் கணக்கு

சிறுதொழில் தொடங்க வருகிறவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆலோசகர் ஒருவர், தொழிலை எப்படித் தொடங்கக் கூடாது என்பதற்கு உதாரணம் தேடித் தூத்துக்குடிக்கு வந்திருக்கிறார். அவர் கட்டுரையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி. பெரிய முதலாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் துறையில் சின்ன ஆள் நுழைந்தது முதல் தவறாம். நாட்டுப்பற்றை முதலீடு என்று நம்பியது அடுத்ததாம். ஊரைக் கூட்டிச் சில்லறைப் பங்கு சேர்த்தது, விலைப்போரில் இறங்கியது, கப்பலை விட்டுவிட்டு மில் தொழிலாளர் பின்னால் போனது என்று பட்டியல் நீள்கிறது. முத்துக்குளித்துறையின் பழைய வணிகர்களைப் போல நிதானமாக நடந்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

வ.உ.சி.யைக் குறை சொல்லலாமா என்று நான் சண்டைக்கு வரவில்லை. தாராளமாகச் சொல்லலாம். தியாகிக்கும் வரவுசெலவு உண்டு, அதையும் தணிக்கை செய்யத்தான் வேண்டும். என் எரிச்சல் வேறு. வணிகக் கணக்கைக் கொண்டு பேசுவதாகச் சொல்லிக்கொள்கிற கட்டுரையில் கணக்கே இல்லை. பேரேட்டைத் திறக்காமலே கடை திவால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பேரேட்டைத் திறப்போம். கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16 அன்று, 1882ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டப்படி. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாலவநத்தம் ஜமீன்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் போட்டார், செயலாளரும் ஆனார். வ.உ.சி. தனக்கு வைத்துக்கொண்ட பதவி துணைச் செயலாளர். உணர்ச்சிவசப்பட்ட ஆள் இப்படியா செய்வான்? மேடை போட்டுப் பேசி, உண்டியல் குலுக்கி, கிடைத்த காசில் ஒரு படகு வாங்கி விட்டிருப்பான். இவர் வக்கீல். சட்டப்படி கம்பெனி, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாங்கும் ஒரு பெரிய கை, மீதிக்கு இருபத்தைந்து ரூபாய் புரட்டக்கூடிய ஆயிரக்கணக்கான சின்னக் கைகள், மேலே ஊர் மதிக்கும் ஒரு பெயர். இன்று எந்தத் தொழில் மையத்தில் திட்ட அறிக்கை கேட்டாலும் இதைத்தானே கேட்கிறார்கள்?

வாடிக்கையாளர் இருந்தார்களா என்பது அடுத்த கேள்வி. 1876இல் ரயில் வந்து சேர்ந்ததிலிருந்து, தென் தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களின் வாசல் தூத்துக்குடிதான். தோட்டத்துக்குப் போன கூலிக்காரர், கடை வைக்கப் போன வியாபாரி, அரிசி, கருவாடு, துணி எல்லாம் இந்தக் கரையில்தான் கப்பலேறின. கரையோரம் ஆழமில்லாததால் நீராவிக் கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் மூட்டையையும் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். படகு நம்முடையது, மூட்டை நம்முடையது, பயணம் போகிறவன் நம் ஆள். கப்பல் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. சந்தை கண்ணெதிரே இருந்தது, அதில் இல்லாதது போட்டி. அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் தொழில் தொடங்குவதன் முதல் பாடம் என்று நமது ஆலோசகரே வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறார்.

முதலில் கம்பெனி சொந்தக் கப்பல் வாங்கவில்லை. பம்பாயின் ஷாலைன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தது. கைமுதலை முழுவதும் இறக்குவதற்கு முன்னால் துறையின் ஆழத்தைப் பார்த்துக்கொள்ளும் முறை இது. பிரிட்டிஷ் கம்பெனி அந்த நிறுவனத்தை நெருக்கி ஒப்பந்தத்தை முறிக்க வைத்தது. உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பல் வாடகைக்கு வந்தது. சேவை நிற்கவில்லை, வாடிக்கை கலையவில்லை. அதன் பிறகுதான் அடுத்தவன் கப்பலை நம்பி நடக்கும் தொழிலின் கழுத்து அடுத்தவன் கையில் என்று புரிந்து, வ.உ.சி. பம்பாய்க்குப் போனார். கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று அவர் சூளுரைத்ததைத்தான் எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள். அந்தச் சூளுரைக்குப் பின்னால் ஒரு கொள்முதல் முடிவு இருக்கிறது, அது சரியான முடிவு. 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

இனி விலைப்போர். கட்டுரையின் உச்சகட்டம் இங்கேதான், அபத்தத்தின் உச்சமும் இங்கேதான்.

கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துத் தன்னையே அழித்துக்கொண்டது சுதேசிக் கம்பெனி என்கிறார் ஆலோசகர். முதலில் இறக்கியது யார்? பிரிட்டிஷ் கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாய் என்று இறங்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. எதிராளி அதற்கும் கீழே போய், சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள், கூட ஒரு குடையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். காசு வாங்காமல் ஆளை ஏற்றி, கையில் குடையும் கொடுத்து அனுப்புகிறவன் வியாபாரமா செய்கிறான்? நிலக்கரிக்கு, மாலுமிக்கு, துறைமுகக் கூலிக்கு, அந்தக் குடைக்கு யார் பணம் கட்டினார்கள்? ரங்கூனிலும் கல்கத்தாவிலும் பாரசீக வளைகுடாவிலும் அதே கம்பெனி போட்டியில்லாமல் வசூலித்த கட்டணம் கட்டியது. ஒரு துறையில் கொட்டும் லாபத்தை இன்னொரு துறையில் நட்டமாக இறைத்து, எதிரி சாய்ந்த பிறகு இரண்டையும் சேர்த்து எடுப்பது பழைய வித்தை. அதற்கு எதிரே நிற்பவன் எவ்வளவு சாமர்த்தியசாலி என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். யாருடைய பை ஆழம் என்பது ஒன்றே அங்கே முடிவைச் சொல்லும்.

வ.உ.சி.க்கு வணிகம் தெரியாது என்பதையே வாதத்துக்கு ஏற்றுக்கொள்வோம். ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்குமா தெரியாது? 1890களில் பம்பாயிலிருந்து சீனா, ஜப்பானுக்கு நூல் ஏற்றிப் போக ஜப்பானியக் கம்பெனியோடு சேர்ந்து அவர் கப்பல் விட்டார். பி. அண்டு ஓ. கம்பெனி சரக்குக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. டாட்டா லைன் மூடப்பட்டது. அதற்கும் முன்பு, 1884இல், ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரீந்திரநாத் கிழக்கு வங்கத்தில் குல்னாவுக்கும் பரிசாலுக்கும் இடையே நீராவிக் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனியோடு கட்டணப் போட்டியில் சிக்கி அவரும் நொடித்தார். கவிஞர் குடும்பத்துக்காரர் ஒருவர், நாட்டின் ஆகப் பெரிய தொழிலதிபர் ஒருவர், தூத்துக்குடி வக்கீல் ஒருவர். மூன்று குணம், மூன்று முதலீடு, மூன்று கடல்வழி. முடிவு மட்டும் ஒன்று. அப்படியானால் கோளாறு எங்கே என்று தேட வேண்டாமா? மூவருக்கும் உணர்ச்சி அதிகம் என்று சொல்லப் போகிறாரா ஆலோசகர்?

சந்தையில் ஆதிக்கம் வைத்திருப்பவன் போட்டியாளனை ஒழிப்பதற்காக அடக்க விலைக்குக் கீழே விற்பதை, 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் நான்காம் பிரிவில் தடை செய்கிறது. அன்று அப்படியொரு சட்டம் இல்லை, இருந்த அரசும் குடை பிடித்தவன் பக்கம்தான். குடை பிடித்தவனைத் திறமைசாலி என்றும் நனைந்தவனை மடையன் என்றும் எழுதுகிறவரிடம் இன்றைய மளிகைக்கடைக்காரர் என்ன கற்றுக்கொள்ள முடியும்? செல்போன் செயலியில் பாதி விலைக்கு வரும் எண்ணெய்க்கும் பருப்புக்கும் எதிரே கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அவர். ‘விலைப்போரில் இறங்காதீர்கள்’ என்று சொல்லிக் கட்டணம் வாங்குவது எளிது. போர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட பிறகு இறங்குவதும் இறங்காததும் அவர் கையிலா இருக்கிறது?

சில்லறைப் பங்குதாரரும் ஊர்ப் பற்றும் தொழிலுக்கு ஆகாது என்ற வாதத்துக்குப் பதில் தூத்துக்குடியிலேயே, ஆலோசகர் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. கப்பல் கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. சரியாகப் பத்தாண்டு கழித்து, 1921இல், அதே ஊரில் நாடார் வங்கி தொடங்கியது. ஒரு சமூகத்தின் வணிகர்கள், தங்களுக்குக் கடன் தர ஆளில்லை என்ற ஆற்றாமையில், தங்களுக்குள் பங்கு சேர்த்துத் தொடங்கிய வங்கி அது. தூய உணர்ச்சி! 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாறி, 2022இல் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. தலைமையகம் இன்றும் தூத்துக்குடி. வங்கியை இலவசக் குடை கொடுத்து மூழ்கடிக்க யாரும் வரவில்லை, அதன் செயலாளரை யாரும் சிறையில் தள்ளவும் இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதுதான். பங்கின் விலையிலோ பங்குதாரரின் பற்றிலோ வேறுபாடு தேடினால் கிடைக்காது.

மில் விவகாரத்துக்கு வருவோம். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். மார்ச் 7 வரை நீடித்து, கூலி உயர்வும் வார விடுப்பும் பெற்று முடிந்தது. மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும், அவர் வெளியே வந்தது 1912 டிசம்பரில். கப்பல்காரருக்கு மில்லில் என்ன வேலை என்று கேட்கும் ஆலோசகர் ஒரு சின்ன விவரத்தை விட்டுவிட்டார். கோரல் மில்லை நடத்தியது ஏ. அண்டு எஃப். ஹார்வி கம்பெனி. தூத்துக்குடியில் பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் ஏஜெண்டும் அதே ஹார்விதான்! வ.உ.சி. இதைக் கணக்குப் போட்டுத்தான் வேலைநிறுத்தத்தில் இறங்கினார் என்று நான் சொல்லவில்லை. தொழிலாளர் பட்ட பாடே அவருக்குப் போதுமான காரணம். ஆனால் கப்பல் வேறு, மில் வேறு என்று எழுதுகிறவர் அன்றைய தூத்துக்குடியில் ஒரு பெயர்ப்பலகையைக்கூடப் படித்தவரில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குச் சிரிப்பு வந்தது அந்த முத்து வணிகர் இடத்தில். நிதானத்துக்கு முத்துக்குளிப்பா உதாரணம்? பாண்டியன் தொட்டு போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் வரை ஆண்டவன் கைப்பிடியிலிருந்து விலகாத ஏகபோகம் அது. மன்னார் வளைகுடாவில் சிப்பி விளையும் கடற்பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். பார் விளைந்திருக்கிறதா என்று அரசாங்கம் ஆள் விட்டுப் பார்த்து, நாள் குறித்தால்தான் குளிப்பு. பத்து வருடம், இருபது வருடம் ஒன்றும் இல்லாமல் போகும். நடக்கும் வருடத்தில் கல்லைக் காலில் கட்டி, மூச்சைப் பிடித்து இறங்கினவனுக்கு ஆங்கிலேயர் காலத்தில் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு சிப்பி. மிச்சத்தை ஆயிரம் ஆயிரமாகக் கூறு கட்டி, திறந்துகூடப் பார்க்காமல் கரையில் ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவன் சிப்பிகளைத் தொட்டியில் போட்டு அழுக விடுவான். சதை கரைந்து, புழு நெளிந்து, நாற்றம் ஊரைத் தூக்கும்போது அலசி அலசித் தேடினால் அடியில் நல்முத்து இருக்கலாம், பொடிமுத்து இருக்கலாம், வெறும் மண்ணும் இருக்கலாம். இது நிதானமான வணிகமா? அரசாங்க முத்திரை குத்திய சூதாட்டம். அதுவும் 1961ஆம் ஆண்டுக் குளிப்போடு நின்றுபோனது. சிறுதொழில் தொடங்க வரும் பிள்ளையிடம் இதைக் காட்டி, இவர்களைப் போல இரு என்பவருக்கு அந்தக் கரையின் நாற்றம் எட்டவே இல்லை.

கம்பெனியில் ஓட்டையே இல்லையா? இருந்தது. வ.உ.சி. சிறைக்குப் போனதும் எடுத்து நடத்த இரண்டாவது ஆள் தயாராக இல்லை. பங்குதாரர்கள் பயந்தார்கள், கடைசியில் கப்பல்கள் போட்டியாளர் கைக்கே விலையாகிப் போயின. பதவியில் துணைச் செயலாளர் என்றாலும் நடப்பில் கம்பெனியே அவர்தான் என்று ஆகிவிட்டிருந்தது. ஒருவர் படுத்தால் கடையும் படுக்கும் என்ற நிலையில் ஒரு தொழிலை வைத்திருக்கக் கூடாது. இதைச் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை.

இன்னொன்றையும் அவருக்காக நானே எடுத்துத் தருகிறேன். 1914இல் பாம்பன் பாலம் திறந்தது. ரயில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் தூத்துக்குடியின் கொழும்புப் பயணிகள் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வ.உ.சி. சிறைக்கே போகாமல், குடைப் போரிலும் தப்பியிருந்தால்கூட, ஏழெட்டு வருடத்தில் இந்த அடி விழுந்திருக்கும். ‘காலியா’ பயணிகளை விட்டுச் சரக்குக்கு மாறியிருக்குமா என்பது நல்ல கேள்வி. மாறியிருக்கலாம் என்பது என் எண்ணம். அதே துறையிலிருந்து தோணிக்காரர்கள் பாலம் வந்த பிறகும் பல பத்தாண்டுகள் கொழும்புக்குச் சரக்கு நடை அடித்தார்கள், மரத்தோணியும் பாயும் தோணியைச் செலுத்தும் தண்டலின் அனுபவமும் மட்டுமே கைமுதலாக. இந்தக் கேள்வியோடு ஆலோசகர் வந்திருந்தால் பதில் எழுத எனக்குப் பாடாகத்தான் இருந்திருக்கும். அவர் கட்டுரையில் பாம்பனும் இல்லை, தோணியும் இல்லை.