கறுவாய் மீனும் ஒரு சிறு துடுப்பும்

மீன் பிடிக்கப் போகிறவன் மீனைக் கொண்டுவருவதற்காகவே போகிறான் என்பது உலக வழக்கு. அந்த வழக்குக்கு மாறான கடல் ஒன்றைப் பற்றி இந்த வாரம் எழுத விரும்புகிறோம். அங்கே தூண்டிலில் அகப்பட்ட மீனைப் படகுக்குள் தூக்குமுன், நீரில் இருக்கும்போதே உற்று நோக்கவேண்டும். முதுகின் பின்பகுதியில், வாலுக்குச் சற்று முன்னால், கட்டைவிரல் நுனியளவு சதைத் துடுப்பு ஒன்று உண்டா இல்லையா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் மீன் நம்முடையது. இருந்தால், அது எவ்வளவு பெரிய மீனாயினும், முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டியதுதான்.

நம் வீட்டில் மீன் சமைப்பதில்லை. ‘உமக்கேன் இந்த ஆராய்ச்சி?’ என்று நேயர்கள் கேட்பது நியாயமே. சில வருஷங்களுக்கு முன், அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள ஸியாட்டில் நகரில், நம் தமக்கையின் மகன் வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. அண்டை வீட்டுக்காரர் ஒரு முதியவர். தச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். 16 அடி நீளமுள்ள அலுமினியப் படகு ஒன்று வைத்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையை எண்ணிக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை போலும். ஒரு நாள் விடியுமுன் வந்து கதவைத் தட்டிவிட்டார்.

அந்தக் கடலின் பெயர் பியூஜெட் ஸவுண்ட். பசிபிக் சமுத்திரம் ஒரு நீண்ட ஜலசந்தி வழியாகத் தரைக்குள் புகுந்து, தெற்கே திரும்பி, பல விரல்களாகப் பிரிந்து கிடக்கும் உட்கடல் அது. ஆதியில் பனிப்பாறைகள் உழுதுவிட்டுப் போன பள்ளம் ஆகையால் கரையை விட்டுச் சற்று விலகியதுமே ஆழம். சில இடங்களில் 900 அடிக்கும் மேல். 1792-ஆம் வருஷத்தில் வான்கூவர் என்ற ஆங்கிலேய மாலுமி, தம் உதவியாளரான பீட்டர் பியூஜெட்டின் பெயரை அதற்கு இட்டார். அதன் கரையில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக வாழ்ந்துவந்த ஜனங்களுக்கு அந்தக் கடலுக்கென்று சொந்தப் பெயர் இருந்ததைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

படகை மோட்டார் வண்டியின் பின்னால் கட்டி, அந்த வண்டியோடு பெரிய கப்பலில் ஏறி அக்கரையிலுள்ள கிங்ஸ்டனை அடைந்து, அங்கே படகை நீரில் இறக்கினோம். மணி எட்டாகியும் சூரியனைக் காணோம். நாம் சென்ற இடத்துக்கு ‘பாயிண்ட் நோ பாயிண்ட்’ என்று பெயர். தமிழில் ‘முனையில்லா முனை’ என்று சொல்லலாம். 1841-இல் வில்க்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படைத் தலைவர் தூரத்திலிருந்து பார்த்துப் பெரிய முனை என்று எண்ணி நெருங்கினாராம். நெருங்கியபின் அது முனையாகவே தோன்றவில்லையாம். 1879-இல் கட்டிய சிறிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் ஒன்று அங்கே நிற்கிறது.

அங்கே தேடுவது சினூக் என்ற சால்மன் மீன். பசிபிக் சால்மன்களில் அதுவே மிகப் பெரியது. நதியில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, மூன்று நான்கு வருஷங்களுக்குப் பின் பிறந்த நதிக்கே திரும்பி, முட்டையிட்டு, அத்துடன் மாண்டுபோவது அதன் வாழ்க்கை. பெரும்பாலான குஞ்சுகள் மகா சமுத்திரத்துக்குப் போய்விடும்; சில மட்டும் போகாமல் உட்கடலிலேயே தங்கிவிடும். பருவமெய்தாத இந்த மீன்களையே குளிர்காலத்தில் பிடிக்கிறார்கள். ஈறு கறுத்திருப்பதால் ‘கறுவாய்’ என்ற பொருளில் அவற்றுக்கு ஒரு செல்லப் பெயரும் உண்டு. கோடையில் வரும் சால்மன் நதியை நினைத்துக்கொண்டு வருவது. குளிர்காலத்துக் கறுவாய்க்கோ தின்பது தவிர வேறு நினைவில்லை.

ஆகவே இரை இருக்கும் இடமே மீன் இருக்கும் இடம். மணலில் புதைந்து உறங்கும் சிறு மீன்களையும், நம் மத்திக்குத் தூரத்து உறவான ஹெர்ரிங் மீன்களையும் துரத்திக்கொண்டு கறுவாய் கடலடியை ஒட்டியே திரியும். 100 அடி, 150 அடி ஆழத்துக்குத் தூண்டிலை இறக்கவேண்டும். இக்காலத்தவர் பலரும், பத்துப் பன்னிரண்டு ராத்தல் ஈயக்குண்டைக் கம்பியில் கட்டிச் சக்கரத்தால் இறக்கி, அதனுடன் தூண்டிலை இழுத்துக்கொண்டே படகை ஓட்டுகிறார்கள். நம் முதியவருக்கு அதில் மதிப்பில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, நீரோட்டம் கொண்டுபோகும் வழியில் படகை விட்டு, சிறு ஈயத்துண்டு கட்டிய நூலில் ஹெர்ரிங் மீனைக் கோத்து இறக்குவார். ஹெர்ரிங்கின் தலையைச் சாய்வாக வெட்டியெறிவதில்தான் சூட்சுமம்; வெட்டின் சாய்வு சரியாக இருந்தால் அது நீரில் அடிபட்ட மீன்போல் சுழலும். இந்த முறைக்கு ‘மூச்சிங்’ என்று பெயர். நம் மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், அந்தக் குளிரில் நமக்கு மூச்சைப் பற்றிய நினைவாகவே இருந்தது.

“மாமா, கையைத் தண்ணீரில் விடாதீர்கள்” என்று மருமகன் இரண்டு தரம் எச்சரித்தான். அந்த நீரின் உஷ்ணநிலை பாரன்ஹீட் 46, 47 டிகிரிதான். தவறி விழுந்தால் நடப்பது என்ன என்பதைக் கனடா தேசத்து மானிடோபா சர்வகலாசாலைப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் மூன்று எண்களில் அடக்கியிருக்கிறார். முதல் 1 நிமிஷம், திணறும் மூச்சை அடக்கிக்கொள்ள. அடுத்த 10 நிமிஷம், கைகால்கள் சொன்னபடி கேட்கும். பிறகு சுமார் 1 மணி நேரம், நினைவு தப்புவதற்கு. முதல் நிமிஷத்திலேயே நீரைக் குடித்து முழுகுகிறவர் பலர் என்பதால், மிதவைச் சட்டையைப் பெட்டியில் வைத்திருப்பதில் பயனில்லை, உடம்பில் மாட்டியிருக்கவேண்டும். காற்று ஒரு திசையிலும் நீரோட்டம் எதிர்த்திசையிலும் அடிக்கும்போது அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். சிறு படகுக்கு அதுவே யமன். முதியவர் அரைமணிக்கொரு தரம் தெற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததன் காரணம் பிறகுதான் விளங்கிற்று.

முதலில் அகப்பட்டது நாய்ச்சுறா. முதியவர் அதை நோக்கிச் சொன்ன வார்த்தைகளை மருமகன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். நெடுநேரம் கழித்து நூல் திடீரென்று தொய்ந்தது. மீன் இரையைக் கவ்விக்கொண்டு மேல்நோக்கி வருகிறதென்று அதற்குப் பொருளாம். உடனே வேகமாகச் சுற்றவேண்டும். சுற்றினார். பத்து ராத்தல் இருக்கலாம்; வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல் படகின் ஓரத்தில் புரண்டது. முதியவர் குனிந்து அதன் முதுகைப் பார்த்தார். சிறு துடுப்பு முழுமையாக இருந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் சிறு கொக்கியால் முள்ளைத் தட்டிவிட்டார்; மீன் கீழே போய்விட்டது. நாய்ச்சுறாவிடம் காட்டிய கோபம் இதனிடம் இல்லை.

துடுப்பின் கதை இதுதான். பியூஜெட் ஸவுண்ட் நதிகளில் இயற்கையாகப் பிறக்கும் சினூக் குறைந்துபோய், 1999-இல் அழிவை நோக்கிச் செல்லும் இனமென்று சட்டப்படி அறிவிக்கப்பட்டது. மலைச்சரிவுகளில் காடுகளை வெட்டினார்கள். நதிகளை அணைகட்டித் தடுத்தார்கள். கழிமுகத்துச் சதுப்பு நிலங்களைக் கரையெழுப்பி வயலாக்கினார்கள். ஈடு செய்வதற்காகக் குஞ்சு பொரிக்கும் பண்ணைகள் ஏற்பட்டன. பண்ணையில் பிறந்த குஞ்சுகளுக்கு, விடுவதற்கு முன் அந்தச் சதைத் துடுப்பை நறுக்கிவிடுகிறார்கள். துடுப்பற்றது மனிதன் வளர்த்தது. துடுப்புள்ளதை நதியின் பிள்ளை என்று கொண்டு விடவேண்டும். அதைப் படகுக்குள் தூக்குவதே குற்றம். முள்ளில் எதிர்முள் இருக்கக்கூடாது. துடுப்பற்ற மீனாயினும் 22 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிடவேண்டும்.

பண்ணைக்காரர்கள் 1970-களில் செய்த யுக்தி ஒன்றைப் பள்ளி ஆசிரியர் என்ற முறையில் நாம் மிகவும் ரசித்தோம். குஞ்சுகளுக்குக் கடலோடும் வேகம் பிறக்கும் பருவத்தில் அவற்றை விடாமல், அந்த வேகம் தணியும்வரை தொட்டியிலேயே வைத்திருந்து பிறகு விட்டார்கள். பல குஞ்சுகள் உட்கடலிலேயே தங்கிவிட்டன. ஒரு வருஷம் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கப்பட்ட பையன், அப்புறம் ஊரைவிட்டுப் போக மனமின்றி அங்கேயே தங்கிவிடுவதை நாம் பார்த்ததில்லையா? குளிர்காலத் தூண்டில்காரர்களுக்கு மீன் கிடைத்ததில் இந்த யுக்திக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் விட்டுவிட்ட மீனெல்லாம் பிழைப்பதில்லை. ஆகையால் எடுத்த மீன்களோடு, தூண்டிலில் அகப்பட்டு விடப்பட்டவற்றையும் அரசாங்கத்தார் மதிப்பிடுகிறார்கள். அந்த எண் வரம்பை எட்டினால், காலக்கெடுவுக்கு முன்பே மீன்பிடிப்பை மூடிவிடுவதும் உண்டு. இதில் தூண்டில்காரர்களுக்கு வருத்தம் உண்டுதான். அந்தக் கடலில் இன்னொரு பசியும் இருக்கிறது என்பதையும் அவர்கள் அறிவார்கள். சினூக்கையே பிரதானமாக உண்டு வாழும் ஓர்க்காத் திமிங்கில மந்தையில் எண்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. 2018-இல் அவற்றுள் ஒரு தாய், பிறந்தவுடன் இறந்த தன் கன்றை 17 நாள் தலையில் தாங்கி நீந்திற்று.

மூடும் நாளையும் திறக்கும் நாளையும் முடிவு செய்வது ராஜ்ய அரசாங்கம் மட்டுமன்று. ஆண்டுதோறும் வசந்தத்தில் கூடும் ஆலோசனைகளில் பழங்குடிகளின் பிரதிநிதிகள் சரிசமமாக உட்காருகிறார்கள். அந்த உரிமையின் வேர் ஒன்று நம் படகு மிதந்துகொண்டிருந்த அதே முனையில் இருக்கிறது. 1855 ஜனவரி 26-ஆம் தேதி, இதே போன்றதொரு குளிர்காலத்தில், ஐஸக் ஸ்டீவன்ஸ் என்ற கவர்னர் கிளால்லம், ஸ்கோகோமிஷ், சிமகும் ஜனங்களை அங்கே கூட்டி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார். நிலமெல்லாம் போயிற்று, ஈடாக 60,000 டாலர், அதுவும் தவணையில். பேச்சு நடந்த பாஷை சில நூறு சொற்களே கொண்ட வியாபாரக் கலப்பு மொழி. ஒரு ஜாதியாரின் பூமியை விலை பேச அந்தச் சொற்கள் போதுமென்று கவர்னர் கருதினார். ஆயினும், வழக்கமான இடங்களில் மற்றப் பிரஜைகளுடன் பொதுவாக மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்ற ஒரு வாசகம் அதில் நின்றது.

அந்த வாசகத்தை ராஜ்யத்தார் நெடுங்காலம் மறந்திருந்தார்கள். தம் நதியில் வலை போட்டவர்களைப் பிடித்துச் சிறையிலடைத்தார்கள். நிஸ்குவாலி வகுப்பைச் சேர்ந்த பில்லி பிராங்க் 1945-இல் முதன்முறை கைதானபோது அவருக்கு வயது 14. அப்புறம் ஐம்பது தடவைக்கு மேல். சிறை செல்வது எல்லாச் சமயத்திலும் அவமானமாகாது என்பதை நம் நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், ‘பொதுவாக’ என்ற சொல்லுக்குச் சரிபாதி என்றே பொருளென்று தீர்ப்பளித்தார்: பிடிக்கத்தக்க மீனில் பாதி பழங்குடியினருக்கு. தூண்டில்காரர்கள் சீறினார்கள், நீதிபதியின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டார்கள். 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. முதியவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். அக்காலத்தில் தாமும் சீறியவர்களில் ஒருவர் என்றார். “அந்தப் பாதி அவர்களிடம் இல்லாதிருந்தால், நதிகளுக்காக வழக்காட யார் இருந்திருப்பார்கள்?” என்றும் சொன்னார்.

எல்வா நதியை மனத்தில் வைத்து அவர் சொன்னார். முனைக்கு மேற்கே ஜலசந்தியில் கலக்கும் அந்த நதியில் நூறு ராத்தல் சினூக் உண்டென்று புகழ் இருந்தது. 1913-இல், கழிமுகத்திலிருந்து ஐந்தே மைலில், மீன் ஏற வழி வைக்காமல் ஓர் அணை. 1927-இல் அதற்கு மேலே இன்னொன்று. கிளால்லம் ஜனங்கள் பல வருஷங்கள் போராடினார்கள். 2011 முதல் 2014-க்குள் இரண்டு அணைகளையும் இடித்துவிட்டார்கள். நதி தேறட்டும் என்று அவர்கள் தங்கள் வலைகளையும் சுருட்டி வைத்தார்கள். 2023 இலையுதிர்காலத்தில்தான், சடங்குக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமென்று கோஹோ சால்மன் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். சினூக்கை அப்போதும் அவர்கள் தொடவில்லை.