கணக்குக் கேட்பது கலகமா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் தருமத்தின் பெயரால் இயங்கும் கழகங்களுக்குக் குறைவில்லை. லயன்ஸ், ரோட்டரி போன்ற உலகக் கழகங்களின் கிளைகள் ஒருபுறம். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கங்களின் கிளைகள் மறுபுறம். வெள்ளம் வந்தால் அரிசி கொடுக்கின்றன. கண் நோயாளருக்கு மூக்குக்கண்ணாடி கொடுக்கின்றன. இச்சேவையை நாம் குறைத்து மதிப்போரல்லேம். ஆயினும், ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே ஓர் அங்கத்தவர் எழுந்து, "சென்ற ஆண்டின் வரவுசெலவு எங்கே?" என்று கேட்டுவிட்டாற் போதும்; "எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?" என்னும் பதில் இடியென விழுகின்றது. கேட்டவர் கலகக்காரர், வாய்மூடி இருந்தவர் கனவான். என்னே நீதி!

நம்பிக்கை இல்லாதவன்தானா கணக்குக் கேட்பான்? வேளாண்மை வெட்டிச் சூடடித்த களத்திலே நெல் அளக்கும்போது, போடியாரின் கண்ணும் வயற்காரரின் கண்ணும் மரைக்காலின் மேலேயே நிற்கும். இருவரும் அடுத்த போகத்திலும் ஒன்றாகவே உழைப்பர். கொக்கட்டிச்சோலை முதலிய எமது ஆலயங்களின் காரியங்களை நடத்துவோரை வண்ணக்கர் என்கின்றோம். பழந்தமிழில் வண்ணக்கன் என்றால் நாணயத்தின் தரத்தைச் சோதிப்பவன். கோயில் முதலைக் காப்பவனுக்குக் காசு சோதிப்பவனின் பெயரை வழங்கிய மண் இது! (வண்ணக்கர் முறையிலும் குறைகள் உண்டு; அவற்றைப் பிறிதொருமுறை எழுதுவோம்.)

"தலைமைக் கழகம் பார்த்துக்கொள்ளும்" என்பது கிளைகளின் இரண்டாவது விடை. எதனைப் பார்த்துக்கொள்ளும்? ரோட்டரி அறநிலையத்தின் உலக மானியம் பெறும் கழகம் உடன்படிக்கையிற் கையொப்பமிட வேண்டும். பற்றுச்சீட்டுகளை ஐந்தாண்டுகளேனும் பேண வேண்டும். பொதுமக்களிடம் திரட்டிய பணத்தைக் கழகத்தின் நிருவாகச் செலவுக்கு எடுக்கலாகாது என்பது லயன்ஸ் கழகத்தின் விதி. நல்ல விதிகள்தாம். ஆனால், தலைமையகத்தின் கண் முதலிற் செல்வது தான் கொடுத்த பணத்தின் மீது. படுவான்கரை விவசாயி கொடுத்த நெல்மூடையையும், இசைவிழாவுக்கு விற்ற டிக்கற்றுப் பணத்தையும், கடல்கடந்து வாழும் உறவினர் அனுப்பிய தொகையையும் எண்ணிப் பார்க்க எந்தத் தலைமையகத்திலிருந்து எவர் வாவியைக் கடந்து வரப்போகின்றார்?

ஓட்டை எங்கே இருக்கின்றது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். இவ்விரு உலகக் கழகங்களின் ஆண்டும் யூலை 1ஆந் திகதி பிறக்கின்றது. மாலை, பொன்னாடை, விருந்து, புகைப்படம்! பழைய தனாதிகாரி இறங்குகின்றார், புதியவர் ஏறுகின்றார். "அது என் காலத்தில் நடந்ததன்று" என்கிறார் புதியவர். "ஏடுகளை ஒப்படைத்துவிட்டேனே" என்கிறார் பழையவர். விருந்துக்கு முன்னர் ஏடு வாசிக்கப்படாத கிளையிலே, பொதுப்பணம் இவ்விருவருக்கும் இடையில் விழுந்து மறைய எந்தத் தடையும் இல்லை.

சட்டம் இல்லையா? உண்டு. தொண்டர் சமூக சேவை அமைப்புகளைப் பதிவுசெய்து மேற்பார்வை செய்ய 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. மோசடிக்குச் சான்றிருந்தால் இடைக்கால நிருவாக சபையை அமைக்க 1998ஆம் ஆண்டின் திருத்தம் இடமளிக்கின்றது. நம்பிக்கை மோசடிக்குத் தண்டனைச் சட்டக்கோவையும் உண்டு. ஆனால், இவையெல்லாம் பணம் போனபின் வருபவை. சிலவேளை வழியிலேயே நின்றுவிடுபவை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்றபின் நாடெங்கும் நிவாரணப் பணம் குவிந்தது. அதில் ஒரு பகுதி "ஹெல்பிங் ஹம்பாந்தோட்டை" என்னும் வங்கிக் கணக்குக்குப் போனமை பற்றி 2005இல் விசாரணை தொடங்கியது. 2006இல் உயர் நீதிமன்றம் அதனை நிறுத்தியது. அன்றைய பிரதம நீதியரசர் சரத் என். சில்வா, 2014இல் அத்தீர்ப்புக்காக நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கோரினார். தலைநகரத்து விவகாரத்துக்கே இந்தக் கதி எனின், ஒரு கிராமத்துக் கிளையின் ஏட்டைத் தேடி எந்த நீதிபதி வருவார்?

கணக்கு, நேர்மையான தனாதிகாரிக்கும் கேடயமாகும். இலக்கமிட்ட பற்றுச்சீட்டு இல்லாதவர் நாளை நீதிமன்றத்தில் நின்றால், "நான் நல்லவன்" என்ற சொல்லைத் தவிர அவர் கையில் வேறென்ன சான்று இருக்கும்? ஒருமுறை ஏமாந்த விவசாயி, 1957இலும் 2011இலும் வந்தது போன்ற வெள்ளம் மீண்டும் வரும்போது கையை மூடிக்கொள்வான். அன்று பட்டினி கிடப்பவர் கழகத் தலைவரல்லர். கூலிக்குக் கதிரறுக்கும் பெண்ணே.

ஆதலால் நாம் கேட்பது இது. அடுத்த பொதுக்கூட்டத்திலே, புதிய உத்தியோகத்தர் தெரிவுக்கு முன்னர், வரவுசெலவு உரத்து வாசிக்கப்பட வேண்டும். அதனைப் பரிசோதித்தவர் கழகத்துக்கு வெளியேயுள்ள ஒருவராயிருத்தல் வேண்டும். நிவாரணம் வழங்கி ஒரு மாதத்துள், பெற்ற தொகையும் கொடுத்த தொகையும் அவ்வூர்க் கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரிலே தமிழில் ஒட்டப்பட வேண்டும். இத்தீர்மானத்தைப் பிரேரிக்கத் துணியும் அங்கத்தவர் எவராயினும், அதன் வாசகத்தை எழுதிக் கொடுக்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம். கட்டணம் வேண்டாம்.