வழிபாட்டிலும் விளையாட்டிலும் தமிழ் வேண்டும்

ஒரு குழந்தை எம்மொழிக்கு உரியது என்பதை அதன் மதிப்பெண் பட்டியலைக் கொண்டு அறிதல் இயலாது. இருளைக் கண்டு அஞ்சுங்கால் இறைவனை எம்மொழியில் விளிக்கின்றது, வெற்றியிற் களித்துத் துள்ளுங்கால் தோழனை எம்மொழியிற் கூவி அழைக்கின்றது என்னும் இரண்டையும் செவிமடுத்தார்க்கே அவ்வுண்மை விளங்கும். வேண்டலும் விளையாட்டும் குழந்தை உள்ளத்தின் இரு வாயில்கள். அவ்விரு வாயிலிலும் தாய்மொழி வழங்குங்காறும், பாடநூலில் அயன்மொழி எத்துணைப் பக்கம் பெற்றாலும் அக்குழந்தை தமிழ்க் குழந்தையே. அவ்வாயில்கள் அடைபட்டபின், நாளுக்கொரு பாடவேளை தமிழ் கற்பித்தும் பெறும் பயன் சிறிதே.

புதுவை நகரத்துத் தொடக்கப் பள்ளிகளின் வாயிலில் ஒரு காலைவேளை நின்று பார்ப்போர்க்கு இக்கவலை தோன்றாமற் போகாது. ஆங்கிலவழிப் பள்ளிகள் பலவற்றில், மணி அடித்ததும் சின்னஞ்சிறு பிள்ளைகள் வரிசையாக நின்று கைகுவிக்கின்றனர். வேண்டல் ஆங்கிலத்தில் நடக்கின்றது. கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் பள்ளிகள் பலவற்றிலும் இதுவே நிலை. ஐந்தாறு அகவைப் பிள்ளை பொருளறியாது ஒலியை மட்டும் ஒப்புவிக்கின்றது. விளையாட்டுத் திடலுக்கு வந்தாலோ, நிற்கவும் திரும்பவும் ஓடவும் இடப்படும் ஏவல்கள் அனைத்தும் ஆங்கிலமே. ஆண்டு விளையாட்டு விழாவிற் சாக்கோட்டமும் தவளையோட்டமும் ஓடி வென்ற பிள்ளையின் வெற்றியும் ஆங்கிலத்திலேயே அறிவிக்கப்படுகின்றது. அதே பிள்ளை ஞாயிறன்று பெற்றோருடன் சம்பா கோயிலுக்குச் சென்றால், அங்கே தமிழில் திருப்பலி, தமிழில் மறையுரை, தமிழில் பாடல்! கோயிலிலே தமிழ் கேட்கும் கடவுளுக்குப் பள்ளியிலே மட்டும் தமிழ் விளங்காதா?

ஆங்கிலேயர், போர்க்காலங்களிற் கைப்பற்றி வைத்திருந்த சில ஆண்டுகள் நீங்கலாகப் புதுவையை ஆண்டவரல்லர். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி இம்மண்ணை விட்டகன்றது. 1962 ஆகத்து 16 ஆம் நாள் சட்டப்படியும் முடிவுற்றது. ஆண்டோர் மொழி எழுந்து சென்ற இருக்கையில் ஆளாதார் மொழி வந்து அமர்ந்துகொண்டது. வீட்டுக்குரியவள் இன்னும் திண்ணையிலேயே காத்திருக்கின்றாள்.

இவ்வாறு எழுதுவது கத்தோலிக்கத் திருஅவையின்மேற் பகைகொண்டு அன்று. புதுவையிற் கல்வி பரவிய வரலாற்றில் அதற்குரிய இடத்தை மறுப்பார் அவ்வரலாற்றை அறியாதார். 1844 ஆம் ஆண்டு பொன்னாந்து ஆயர் புதுவையிற் கூட்டிய குருமார் மன்றம், இந்நாட்டுக் குருமாரைப் பயிற்றுதலையும் பள்ளிகள் நிறுவுதலையும் தலையாய பணிகளாகக் கொண்டது. பெத்தி செமினேர் பள்ளி தோன்றியது அவ்வாண்டே. பெண்பிள்ளைகள் எழுத்தறிதல் இழுக்கென்று கருதப்பட்ட அந்நாளில், அவர்க்குக் கற்பிப்பதற்கென்று துப்புயி அடிகளார் மரியின் மாசற்ற இதயக் கன்னியர் அவையை இந்நகரிலே தொடங்கியதும் அவ்வாண்டே. அவ்வடிகளாரே மூசே அடிகளாருடன் கூடித் தமிழ்-பிரெஞ்சு அகரமுதலியை 1855, 1862 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாகப் புதுவை மறைப்பணி அச்சகத்தின்வழி வெளிக்கொணர்ந்தார். மக்கள் உள்ளத்தை எட்ட வேண்டின் மக்கள் மொழியைக் கற்றல் வேண்டும் என்பதைக் கடல்கடந்து வந்த அவ்வயலார் அறிந்திருந்தனர்.

அதனினும் பெரிய மாற்றம் பின்னர் நிகழ்ந்தது. 1963 திசம்பர் 4 ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பேரவை, வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்கு இடந்தந்தது. இலத்தீனில் நடந்த திருப்பலி தமிழுக்கு வந்தது. வந்த தமிழும் பையப்பையத் தூய்மையுற்றது. 'திவ்விய பூசை' திருப்பலி ஆயிற்று. 'ஞானசுநானம்' திருமுழுக்கு ஆயிற்று. 'பிதா, சுதன், பரிசுத்த ஆவி' என்றவை தந்தை, மகன், தூய ஆவி ஆயின. 'அப்போத்தலர்' திருத்தூதர் ஆயினர். 'அர்ச்சியசிட்டர்' புனிதர் ஆயினர். 'சம்மனசு' வானதூதர் ஆயிற்று. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'திருவிவிலியம்' என்றே பெயர் தாங்கிற்று. 'திருச்சபை' என்ற பெயரும் இப்பொழுது திருஅவை என வழங்குகின்றது. 1916 இல் மறைமலையடிகளார் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தபோது, 'இஃது ஆகக்கூடியதன்று. எளிய மக்கள் வாயில் நுழையாது' என்று நகைத்தோர் பலர். இன்று எழுத்தறியாத முதியோளும் திருமுழுக்கு, திருப்பலி என்று நாத்தடுமாறாது சொல்கின்றாள். பழகிய சொல்லை மாற்றுதல் இயலாது என்பார்க்கு இதனினும் தக்க விடை யாது?

உரோமையைத் தலைமையிடமாகக் கொண்ட, பன்னூற்றாண்டுகள் இலத்தீனிலேயே வழிபட்ட ஒரு திருஅவையே தமிழுக்கு வழிவிட்டது. அத்திருஅவையைச் சார்ந்த ஒரு தொடக்கப் பள்ளிக்கு மட்டும் தமிழில் வேண்டல் நடத்தத் தடையாய் இருப்பது எது? வத்திக்கான் தடுக்கவில்லை, ஆயர் தடுக்கவில்லை, எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. 'ஆங்கிலத்திற் சொன்னால்தான் பெற்றோர் மதிப்பர்' என்னும் எண்ணமே தடுக்கின்றது. எனவே, குற்றம் பள்ளியைச் சார்ந்தது மட்டுமன்று, நம்மையும் சார்ந்தது.

இனி, விளையாட்டைக் காண்போம். தமிழர்தம் விளையாட்டுகள் பல மொழியோடு பிணைந்து பிறந்தவை. சடுகுடு ஆடுவோன் மூச்சடக்கிப் பாடிக்கொண்டே எதிரணிக்குட் புகுகின்றான். பாட்டு அறுந்தால் ஆட்டமும் இழந்தான். கண்ணாமூச்சியில் வினாவும் விடையும் உண்டு. பல்லாங்குழியிற் கணக்கு உண்டு. கிளித்தட்டும் பாண்டியும் கிட்டிப்புள்ளும் தமக்கென ஒரு சொற்றொகுதியையே உடையன. சடுகுடு 1990 ஆம் ஆண்டு பெய்சிங்கில் நடந்த ஆசிய விளையாட்டில் 'கபடி' என்னும் பெயரோடு போட்டியாக ஏறிற்று. ஆட்டம் உலகெங்கும் சென்றது நமக்கு மகிழ்ச்சியே. ஆயின், நம் பிள்ளைகட்கே சடுகுடு என்ற பெயர் அயலாகிவிட்டது. திடலில் ஒரு விளையாட்டு மறையுங்கால் அதனோடு ஐம்பது சொற்களும் ஒரு பாட்டும் சேர்ந்தே மறைகின்றன.

இவ்விடத்தில் மொழிஞாயிறு பாவாணர் (1902-1981) நம் நினைவுக்கு வருகின்றார். அவர் கிறித்தவர், கிறித்தவ இசைப்பாடல்கள் இயற்றியவர். அவரே தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் திரட்டி, ஆண்பிள்ளைகள் ஆடுவன, பெண்பிள்ளைகள் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன என்றும், பகலில் ஆடுவன, இரவில் ஆடுவன என்றும் பகுத்துத் தனி நூலே யாத்தவர். இறைப்பற்றும் விளையாட்டு ஆராய்ச்சியும் தூய தமிழும் ஒரே நெஞ்சில் ஒருங்கே வாழ்ந்தமைக்கு அவரே சான்று. கிறித்தவராய் இருத்தலும் தமிழராய் இருத்தலும் முரணானவை என்று எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டா.

'பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டுமே' என்று பெற்றோர் கூறுவதை யாம் அறியாதோம் அல்லேம். 2023-24 ஆம் கல்வியாண்டிற் புதுவை அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்திற்கு மாற்றப்பட்டன. தொடக்கக் கல்வியிலும் தாய்மொழியையே பயிற்றுமொழியாகக் கொள்ளுமாறு தனியார் பள்ளிகளையும் சிறுபான்மையர் பள்ளிகளையும் அரசு கட்டாயப்படுத்தலாகாது என்று உச்சநீதிமன்றம் 2014 மே 6 ஆம் நாள் தீர்ப்பளித்தது. பயிற்றுமொழி பற்றிய நம் போராட்டம் நெடியது, அது தொடரும். ஆயின், வேண்டலுக்குத் தேர்வு இல்லை. விளையாட்டுக்கு மதிப்பெண் தாள் இல்லை. தமிழில் இறைவனை வேண்டியதனால் எந்தப் பிள்ளையும் ஆங்கிலத் தேர்விற் தோற்றதில்லை. தமிழில் 'ஓடு' என்றதனால் எந்தப் பிள்ளையின் காலும் தளர்ந்ததில்லை. பாடத்திட்டத்தைத் தொடாமல், ஒரு காசும் செலவிடாமல், நாளையே செய்யக்கூடிய மாற்றம் இது.

இதில் மற்றுமோர் அறமும் அடங்கியுள்ளது. கத்தோலிக்கப் பள்ளிகளில் வேற்றுச் சமயப் பிள்ளைகளும் பயில்கின்றனர். அரசேற்பு பெற்ற அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்திற் பயிலும் எவரையும், அவர் இளையராயிற் காப்பாளரின் ஒப்புதலின்றி, சமயப் பயிற்றுதலிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்பது இந்திய அரசமைப்பின் 28 (3) ஆம் உறுப்பு. தம் பிள்ளை என்ன சொல்லி வேண்டுகின்றது என்பதையே அறியாத தாய் எதற்கென்று ஒப்புதல் தருவாள்? வேண்டல் தமிழில் நடக்குமாயின், இந்துத் தாயும் இசுலாமியத் தாயும் அதன் பொருளறிந்து ஒப்பலாம்; பொருளறிந்து மறுக்கலாம். கிறித்தவத் தாயோ வீட்டில் அதே வேண்டலைப் பிள்ளையோடு சேர்ந்து சொல்லலாம். மூவர்க்கும் நேர்மையாக நடத்தற்கு வழி, மூவர்க்கும் பொதுவான மொழியே.

ஆகவே, யாம் வேண்டுவன நான்கே. முதலாவது, காலை வேண்டல் தமிழிலே நடக்கவேண்டும்; பிறமொழி வேண்டல் வேண்டுமாயின் அதன் பின்னர் வரட்டும். இரண்டாவது, கிறித்தவப் பிள்ளைகட்கான மறைக்கல்வியும், முதல் நற்கருணைக்கான அணியமும், கிறித்துப் பிறப்பு விழா நாடகமும் கோயிலில் வழங்கும் தூய தமிழிலேயே அமையவேண்டும். மூன்றாவது, திடலின் ஏவல்கள் தமிழாகவேண்டும். நேர்நில், இயல்பாய் நில், வலந்திரும்பு, இடந்திரும்பு, முன்னே நட என்பவை ஒரு கிழமையிற் பழகிவிடும் சொற்கள். நான்காவது, ஆண்டு விளையாட்டு விழாவில் நம் விளையாட்டுகளுள் இரண்டேனும் இடம்பெறவேண்டும். அறிவிப்பும் பரிசளிப்பும் தமிழில் ஒலிக்கவேண்டும். பந்தாட்டங்களையும் பிற நாட்டு விளையாட்டுகளையும் விலக்கச் சொல்லவில்லை. வந்தோரை வரவேற்கும் வீட்டில் வீட்டாருக்கும் ஓர் இலை போடுக என்றே சொல்கின்றோம்.

தமிழன்பர்களே! பள்ளியைப் பழித்துப் பேசிக் கலைவதால் யாதொன்றும் விளையாது. உங்கள் பிள்ளை பயிலும் பள்ளியின் தலைமையாசிரியரை அமைதியாகச் சென்று காணுங்கள். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து தமிழிற் பேசுங்கள். பத்துப் பெற்றோர் ஒப்பமிட்ட ஒரு மடல், நூறு மேடைப் பேச்சினும் விரைவாகப் பயன்தரும். பங்குத் தந்தையரையும் அருட்கன்னியரையும் அணுகி, அவர்தம் முன்னோர் 1844 இல் தொடங்கிய பணியையும் 1963 க்குப் பின் கோயிலிற் செய்த மாற்றத்தையும் எடுத்துரையுங்கள். தம் கோயிலிற் செய்து காட்டியதைத் தம் பள்ளியிற் செய்யமாட்டோம் என்று அவர்கள் சொல்வார் என யாம் நம்பவில்லை.

பாவேந்தர் பாரதிதாசனார் 1909 முதல் 37 ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றிய மண் இது. இளம்பிள்ளைகட்கென்று 'இளைஞர் இலக்கியம்' படைத்த பாவலரை ஈன்ற மண் இது. இம்மண்ணின் பிள்ளைகள் இறைவன் திருமுன்னும் திடலின் நடுவிலும் தம் தாயின் மொழியில் வாய்திறக்க உரிமையற்றோராய் நிற்றல் நமக்கே இழுக்கு. கைகுவிக்கும்போது தமிழ் வரட்டும். கால் ஓடும்போதும் தமிழ் வரட்டும். மற்றவை பின்னே வரும்.

வாழ்க தமிழ்!