பின் ஷாக்கப்சருக்கு பின் சீட்டை எதுக்குய்யா கழட்டணும்?

மக்களே, நேரா மேட்டருக்கு வந்துடறேன். கார் பின் சக்கரத்துல இருக்கற ஷாக் அப்சார்பரை (நம்ம ஒர்க் ஷாப் பாஷையில ஷாக்கப்சர்) மாத்தணும்னா, காருக்குள்ள இருக்கற பின் சீட்டை எதுக்குக் கழட்டணும்?

பெரிய செடான் வச்சிருக்கற பல பேருக்கு இந்த விஷயமே தெரியாது. மெக்கானிக் "அரை நாள் ஆகும் சார், சீட்டைக் கழட்டணும்"னு சொன்ன உடனே, 'ஆள் நம்மள ஏமாத்தப் பாக்கறான்'னு முடிவு கட்டிடறாங்க. இல்லீங்க. அவர் சொல்றது நிஜம். இந்தப் பதிவே அந்த மெக்கானிக்குக்கு வக்காலத்து வாங்கத்தான்.

எங்க பாகலூர் பக்கம் இந்த மாதிரி காருங்க நிறைய வரும். பெங்களூருல பத்துப் பன்னெண்டு வருஷம் ஓடி முடிச்ச பெரிய செடான், சின்னக் கார் விலைக்கு ஓசூர், பாகலூர், மாலூர்னு வந்து சேரும். வாங்கற விலைதான் சின்னக் கார் விலை, பாக்கற செலவு பெரிய கார் செலவு! அதுக்கப்புறம் லாரி ஓடி ஓடிக் குழியான ரோடு, ஊருக்கு ஊர் மலை மாதிரி ஸ்பீடு பிரேக்கர், கல்யாண சீசன்ல பின் சீட்ல மூணு பேர், டிக்கி நிறைய சாமான். எல்லா அடியும் பின் ஷாக்கப்சருக்குத்தான்.

அது என்னதான் பண்ணுது? பேரே தப்பு. பள்ளத்துல விழுந்த அதிர்ச்சியை வாங்கிக்கறது ஸ்பிரிங்கு. வாங்கின ஸ்பிரிங்கு சும்மா இருக்காம குதிச்சுக்கிட்டே இருக்கும். அந்தக் குதியாட்டத்தை அடக்கறதுதான் ஷாக்கப்சர் வேலை. உள்ள ஆயில், அதுல ஓட்டை போட்ட பிஸ்டன். சின்ன ஓட்டை வழியா ஆயில் நெருக்கியடிச்சுப் போகும்போது, ஆட்டம் அப்படியே சூடா மாறி அடங்கிடும். சீல் போய் ஆயில் கசிஞ்சுடுச்சுன்னா அடக்க ஆள் இல்ல. டயர் ரோட்டைப் பிடிக்காம தத்தும். தத்தற டயர்ல பிரேக் பிடிச்சு என்ன புண்ணியம்? மழை நாள்ல வளைவுல அவசரமா பிரேக் அடிச்சா பின்பக்கம் வீசும். 'கொஞ்சம் தூக்கிப் போடுது, அவ்ளோதானே'ன்னு விடற சமாச்சாரம் இல்ல இது. உயிர் சம்பந்தப்பட்டது.

இப்ப கழட்டற கதைக்கு வருவோம். பல செடான்ல ஷாக்கப்சரோட கீழ் போல்ட் சக்கரத்துக்குப் பக்கத்துல ஈஸியா தெரியும். மேல் நட்டு இருக்கறது பின் சீட்டு முதுகுக்குப் பின்னாடி, பின் கண்ணாடிக்குக் கீழ இருக்கற தட்டுக்கு (பார்சல் டிரே) அடியில. அங்க கை போகணும்னா சீட் அடி மெத்தை, முதுகு மெத்தை, சைடு மெத்தை, சைடு பிளாஸ்டிக், சில வண்டில சீட் பெல்ட்டு, ஸ்பீக்கர், பிரேக் லைட் வயரு... எல்லாம் கழட்டி வரிசையா வைக்கணும். பழைய பிளாஸ்டிக் கிளிப்பு தொட்டா உடையும். உடைஞ்சா யார் மேல பழி? மெக்கானிக் மேலதான்.

அப்புறம்தான் நிஜ வேலை. ஸ்பிரிங்கும் ஷாக்கப்சரும் ஒண்ணா சேர்ந்த டைப்பா இருந்தா, ஸ்பிரிங்கை கம்ப்ரசர் போட்டு அமுக்கித்தான் பிரிக்கணும். அமுக்கின ஸ்பிரிங்கு நழுவிச்சுன்னா முகத்துல அடிக்கும். கை எலும்பு, தாடை எலும்பு போயிடும். தனித்தனி டைப்பா இருந்தா ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி குடுத்துட்டுத்தான் போல்ட்டைத் தொடணும். இல்லைன்னா ஆக்சில் கீழ தொங்கி, பிரேக் ஹோஸ் இழுபடும். இவ்ளோ ரிஸ்க் எடுக்கற ஆளுக்குத்தான் நாம 'இதுக்கா இவ்ளோ கூலி'ன்னு கேக்கறோம்!

பெங்களூரு ஜே.சி. ரோட்டுல போய் பார்ட்ஸ் வாங்கும்போது சொன்ன விலையை எண்ணி வச்சுட்டு வருவோம். கூலின்னு வந்தா மட்டும் பாதியில ஆரம்பிப்போம். நிறைய இடத்துல இதோட விளைவு என்ன தெரியுமா? "பின்னாடி இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் சார்"னு சொல்லி முன்பக்கத்தை மட்டும் மாத்தி அனுப்பிடறாங்க. கட்டுப்படி ஆகாத வேலையை அவர் எதுக்கு இழுத்துப் போட்டுக்கணும்?

நம்ம ஓசூரையே பாருங்க. அசோக் லேலண்ட் லாரி செய்யற ஊரு. 1980ல டிவிஎஸ் 50 பிறந்த ஊரு. ஷாக்கப்சர் செய்யற கேப்ரியல் கம்பெனிக்கே இங்க ஃபேக்டரி இருக்கு. லாரியோட முன் ஷாக்கப்சர் சேசிஸ் ஓரத்துல, குனிஞ்சா கண்ணுக்குத் தெரியும். டிவிஎஸ் எக்ஸ்எல்ல பின்னாடி மேல ஒண்ணு கீழ ஒண்ணு கழட்டினா ஷாக்கப்சர் கையில. ஏன்? லாரி ஒரு நாள் நின்னா ஓனருக்கு நஷ்டம். அவர் வாங்கும்போதே 'ரிப்பேர் ஈஸியா?'ன்னு கேப்பாரு. கார் வாங்கற நாம கேக்கறது மைலேஜு, டச் ஸ்கிரீன், சன் ரூஃபு. கேக்காததை கம்பெனிக்காரன் ஏன் குடுப்பான்?

டிசைன் பண்ணவங்க முட்டாள் இல்லைங்க. அதையும் சொல்லிடணும். செடான் பாடில அந்த இடம்தான் கெட்டியான இடம். ஷாக்கப்சர் நீளமா இருந்தா ஓட்டம் மெத்துன்னு இருக்கும். இடத்தை மாத்தச் சொல்லல. அந்த நட்டுக்கு நேரா கழட்டி மாட்டற மாதிரி ஒரு சின்ன மூடி வச்சா குறைஞ்சா போயிடுவாங்க? சில வண்டில டிக்கி லைனிங்கை விலக்கினாலே நட்டு தெரியுது. அப்ப முடியும்தானே?

2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தமா 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. உதிரி பாகமும் ரிப்பேர் விவரமும் வெளி மெக்கானிக்குக்குக் கிடைக்காம பாத்துக்கிட்டதுக்காக. அது அப்பீல், கோர்ட்டுன்னு இழுத்துக்கிட்டே போச்சு. 2022ல மத்திய நுகர்வோர் துறை 'ரிப்பேர் உரிமை'க்கு ஒரு குழு போட்டு, டிசம்பர்ல ஒரு இணையதளமும் திறந்தாங்க. கார் கம்பெனிகளும் அந்தப் பட்டியல்ல உண்டு. நல்ல விஷயம். ஆனா என் கட்சி இதுதான்: கையேடு கிடைச்சா மட்டும் போதாது, கையும் உள்ள போகணும். எந்தெந்த பாகம் தேய்ஞ்சு போகும்னு தெரிஞ்சே செய்யறாங்க இல்ல? அதை மாத்த எவ்ளோ நேரம் ஆகும்னு வண்டி விக்கும்போதே எழுதிக் குடுக்கணும். மைலேஜ் போடற மாதிரி.

அது வர்ற வரைக்கும் நாம செய்யக்கூடியது:

1. பின் ஷாக்கப்சர் உடம்புல ஆயில் ஈரம் இருக்கா, டயர்ல அங்கங்க குழி குழியா தேய்மானம் இருக்கான்னு பாருங்க.

2. மாத்தினா ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க. சீட்டைக் கழட்டற வேலை ஒண்ணுதான், மேல் ரப்பர் மவுண்ட்டையும் அதே கையோட முடிச்சுடுங்க.

3. நட்டோட தண்டும் சேர்ந்து சுத்துதுன்னு, பளபளன்னு இருக்கற அந்தத் தண்டை கட்டிங் பிளேயர்ல பிடிக்க விடாதீங்க. கீறல் விழுந்தா புது சீலும் சீக்கிரம் போயிடும்.

4. கீழ் போல்ட்டை வண்டி தரையில நிக்கற மட்டத்துலதான் கடைசியா முறுக்கணும். தொங்கும்போது முறுக்கினா ரப்பர் புஷ் திருகிக்கும்.

5. கூலியை முன்னாடியே பேசிடுங்க. பேசினதைக் குறைக்காம குடுங்க.

அடுத்த தடவை புது கார் பாக்கப் போனா, சேல்ஸ் தம்பிக்கிட்ட "பின் ஷாக்கப்சர் மாத்த எவ்ளோ நேரம் ஆகும்பா?"ன்னு கேட்டுப் பாருங்க. முழிப்பாரு :-) பரவால்ல, பத்துப் பேர் கேட்டா பதிலைத் தெரிஞ்சு வச்சுக்குவாரு. நூறு பேர் கேட்டா மூடி வைப்பாங்க.

உங்க ஊர்ல எப்படி? பின்னூட்டத்துல சொல்லுங்க. உங்க வண்டில சீட்டைக் கழட்டாமலே முடிஞ்சுதுன்னா, மாடல் பேரையும் போட்டுடுங்க, நாலு பேருக்கு உதவும்.