மட் மேல பழி போடாதீங்க மக்கா!

"கறுப்புத் திரை மட்ல மெயில் தேடினா ஒண்ணும் கிடைக்காது, தூக்கிப் போடு"ங்கிறார் கூடப் பொட்டி தட்டுற நண்பர். வெறும் சொல்லைத் தட்டினா அனுப்பினவர் பேரையும் தலைப்பையும் மட்டும்தான் அது பாக்கும் சாமி! மடலுக்குள்ள தேட டில்டா பி போடணும். ஒவ்வொண்ணா திறந்து படிக்கிறதால மெதுவாத்தான் வரும். ஐமேப்னா ஈக்வல் பி போடுங்க, சர்வரே தேடித் தரும். பெட்டி திறக்கவே லேட்டா? ஹெடர் கேஷ் எதுக்கு இருக்கு?

நானும் திட்டினவன்தான். அப்பா கடைசியா எழுதின தமிழ் மடல் அழிஞ்சே போச்சுன்னு ஆறு மாசம் நம்பினேன். அது பேஸ்64ல வந்த மடல். குறியீட்டை அவிழ்த்துத் தேடுற 'தரோ சர்ச்' அமைப்பை, வேகம் வேணும்னு நானே அணைச்சு வெச்சிருந்தேன். அப்புறம் தமிழ் எங்கே சிக்கும்?

முதல்ல கையேட்டைத் தொறங்க, அப்புறம் திட்டுங்க :-)