பன்னிரண்டு முதியோரும் ஒரு வேனும்



நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இப்போது ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டில் வாழ்கிறார். சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து நமக்கு ஒரு நீண்ட மடல் வந்தது. அந்நாட்டில் பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிவிட்டு, கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் அமைந்த வண்டியில் ஏறி மாதக்கணக்கில் நாடு சுற்றுகிறார்களாம். வடகோடியில் உள்ள டார்வின் நகரம் நம் ஊரைப்போல் வெப்பமண்டலத்தது. மழையற்ற மாதங்களில் அங்கே சென்று, அருகிலுள்ள ககாடு சதுப்பு நிலங்களில் பறவைகளைப் பார்த்துக்கொண்டு வண்டியிலேயே உறங்கி எழுகிறார்களாம். இவ்வளவையும் வியந்து எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: “நம் தாம்பரத்தில் எழுபது வயதைக் கடந்தவரைக் கோவிலுக்கும் மருத்துவமனைக்கும் அல்லாமல் வேறெங்கே அழைத்துப் போகிறோம், சாமி?”

இந்தக் கேள்வி நம்மைச் சுட்டது. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். படுக்கையில் கிடந்த ஒரு பெரியவர், நாம் நற்கருணை கொண்டு சென்றபோதெல்லாம், அச்சிறுபாக்கம் மழை மலை மாதாவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். திருவிழா முடியட்டும் என்றோம். வெயில் தணியட்டும் என்றோம். பிறகு மழை விடட்டும் என்றோம். ஐப்பசியில் அவரை அடக்கம் செய்தோம். அச்சிறுபாக்கம் நம் ஊரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம்.

எனவே இவ்வாண்டு பெப்ரவரி 2-ஐ அடுத்து வந்த சனிக்கிழமையன்று ஒரு வேனை அமர்த்தினோம். அந்நாளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பெப்ரவரி 2 ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா. மெழுகுதிரி மந்திரித்துப் பவனி வரும் அந்நாளில், குழந்தை இயேசுவைக் கோவிலில் அடையாளம் கண்டுகொண்ட இருவருமே முதியோர்: சிமியோனும், எண்பத்து நான்கு வயதுக் கைம்பெண் அன்னாவும். உலகச் சதுப்பு நில நாளும் அதுவே. 1971-ஆம் ஆண்டு பெப்ரவரி 2 அன்று ஈரான் நாட்டு ராம்சர் நகரில் நீர்நிலைகளைக் காக்கும் உடன்படிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. முதியோரும் சதுப்பும் ஒரே நாளில் அமைந்துவிட்டபின் நாள் பார்க்க வேண்டியதில்லையே!

வேன் கிடைப்பது எளிது. வீடுகளில் அனுமதி கிடைப்பதே அரிது. மூன்று பிள்ளைகளையும் கடல் கடந்து அனுப்பிவிட்டு, அடுக்குமாடியில் தனியே வாழும் தாயார் ஒருவருக்காக அவருடைய மூத்த மகன் கனடாவிலிருந்து நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். “அம்மா கால் இடறி விழுந்தால் யார் பார்ப்பது, ஃபாதர்?” என்றார். அவர் குரலில் இருந்தது அன்புதான், ஐயமில்லை. ஆயினும் அந்த அன்பு தாயைப் பூட்டி வைத்துச் சாவியைத் தன்னோடு கனடாவுக்குக் கொண்டு சென்றிருந்தது. “நாம் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லிவிட்டோம். சொல்லியபின் இரவெல்லாம் உறக்கமில்லை என்பதும் உண்மை.

மற்றொரு தடையை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முதியோர் பலர் பயணம் என்றாலே அஞ்சுவது கழிப்பறைக்காகத்தான். முந்தைய நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். வழியில் மயக்கம் வரும். இதை அறிந்த நம் இளைஞர்கள் இருவர், துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றையும், நான்கு மூங்கில் கழிகளையும், பழைய புடவைகளையும் வேனில் ஏற்றினார்கள். ஆஸ்திரேலியரின் வீட்டு வண்டிக்கு நம் பங்கின் விடை அது! நாள் முழுவதும் அது நான்கு முறை பயன்பட்டது. எவரும் முகம் சுளிக்கவில்லை.

காலைத் திருப்பலி முடிந்து, முதியோர் பன்னிருவரோடு புறப்பட்டோம். பன்னிருவர் என்றவுடன் யூதாஸ் யார் என்று ஒரு பாட்டியார் கேட்டு அனைவரையும் சிரிக்க வைத்தார். சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் வழியே முதலில் பள்ளிக்கரணை. ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த சதுப்பு இது. வீடுகளும் அலுவலக மாளிகைகளும் பெருங்குடிக் குப்பை மேடும் தின்றது போக எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சாலையோரம் நின்று பார்த்தோம். கூழைக்கடாக்கள் கூட்டமாய் மிதந்தன. நீலத் தாழைக்கோழிகள் கோரைகளுக்கிடையே நடந்தன. தொலைவில் வெண்சிவப்பாய் ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள் என்றார் இளைஞர் ஒருவர். குப்பையின் நாற்றமும் காற்றில் வந்தது.

அங்கே இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வேனை விட்டு இறங்கி நெடுநேரம் பேசாது நின்றார். 1986-இல் சேமநிதிக் கடன் பெற்று மனை வாங்கி வீடு கட்டியவர். 2015 திசம்பர் வெள்ளத்தில் அவ்வீட்டினுள் மார்பளவு நீர் புகுந்தது. திருமண ஒளிப்படமும் மகளின் சான்றிதழ்களும் அழிந்தன. பிறகு சொன்னார்: “சாமி, எங்கள் பக்கத்து ஏரி நிரம்பினால் நீர் ஒவ்வோர் ஏரியாய் இறங்கி இங்கேதான் வரவேண்டும். அது வரும் வழியில் நான் வீடு கட்டியிருக்கிறேன். இத்தனை ஆண்டு தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.”

உங்கள் குற்றம் என்ன இருக்கிறது, விற்றவனும் ஒப்புதல் தந்தவனும் அல்லவா குற்றவாளிகள் என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தோம். அது பாதி உண்மையே. கடனுக்கு அலைந்து, வாடகைக்கு அஞ்சி, கிடைத்த இடத்தில் கூரை தேடிய எளிய மனிதர் அவர். ஆயினும் அவர் ஆறுதல் கேட்கவில்லை. தாமாக ஒன்றைக் கண்டறிந்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலைப் பற்றி நம் பங்கில் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். அவற்றுள் ஒன்றேனும் அவரை அந்த இடத்திற்குக் கொண்டு சேர்த்திருக்கவில்லை.

தாம்பரம் திரும்பி, ஜி.எஸ்.டி. சாலையில் செபமாலை சொல்லிக்கொண்டே தெற்கே சென்றோம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைக் கடந்து, படாளத்தில் திரும்பி வேடந்தாங்கலை அடைந்தபோது பத்தரை மணி. இங்கே கதை வேறு. ஏரியில் கூடு கட்டும் பறவைகளைத் துப்பாக்கியால் சுட்டவர்கள்மீது ஊரார் முறையிட்டனர். 1798-இல் அவர்கள் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமைச் சீட்டைப் பெற்றுக்கொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவ்வுழவர்களுக்குத் தெரிந்திருந்தது. படித்தவர் எவரும் வந்து அவர்களுக்குக் கற்பித்ததில்லை. நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தை குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் அடுக்கடுக்காய்க் கூடு கட்டியிருந்தன. எரேமியா இறைவாக்கினர் தம் மக்களைக் கடிந்துகொள்ள நாரையை எடுத்துக்காட்டியது நம் நினைவுக்கு வந்தது. ஆனால் அன்று மறையுரை வேண்டாமென்று விட்டுவிட்டோம்.

கனடா மகனின் தாயார் கரையில் அமர்ந்து, தொலைநோக்கியை வாங்கி ஒரே கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்ப்பறவை வந்ததும் குஞ்சுகள் அலறி வாயைத் திறந்தன. மற்றவர்கள் முறை கேட்டபோதும் அவர் தொலைநோக்கியைத் தரவில்லை. நாமும் கேட்கச் சொல்லவில்லை. புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் உண்டபின்பே கொடுத்தார்.

மாலை அச்சிறுபாக்கத்தில் மலைமேல் வேன் ஏறும் வரை ஏறி, எஞ்சிய தூரத்தை ஒருவர் தோளை ஒருவர் பற்றி நடந்தார்கள். அங்கே நாம் ஏற்றிய மெழுகுதிரி யாருக்காக என்பதை மேலே படித்தவர்கள் அறிவார்கள். இரவு எட்டு மணிக்கு எவரும் இடறாமல் வீடு சேர்ந்தோம். கனடாவுக்குச் செய்தி அனுப்பிய பிறகே நாம் உணவு உண்டோம்.

2021 முதல் சூலை நான்காம் ஞாயிறன்று திருச்சபை முதியோர் நாளைக் கொண்டாடுகிறது. நாமும் அன்று சால்வை போர்த்தி, ஒளிப்படம் எடுத்து அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவதுண்டு. இவ்வாண்டு சால்வைக்கு ஒதுக்கிய தொகையை வேன் வாடகைக்கு மாற்றலாமா என்று பங்குப் பேரவையில் கேட்டிருக்கிறோம். முடிவு இன்னும் ஆகவில்லை.

மறு ஞாயிறு திருப்பலிக்குப் பின் அந்தத் தாயார் பங்கு இல்லத்திற்கு வந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த ஐந்நூறு ரூபாயை மேசைமேல் வைத்தார். “அடுத்த வேனுக்கு என் பங்கு, சாமி” என்றார். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. சன்னல் ஓரத்து இடம் மட்டும் வேண்டுமாம்.